டேப்பின் முதல் மீட்டர்

பேரையூர்
12.6.2025

ஷாஹீதாவுக்கு,

சித்தியின் போனிலிருந்து நான்கு முறை கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் நான் ஒழுங்காகப் பேசியிருக்க மாட்டேன் என்பது உனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது என் பெயருக்கும் சேர்த்து நீதான் குரல் கொடுப்பாய். அதனால் எழுதுகிறேன்.

அம்மா என்னை இங்கே அனுப்பிவிட்டாள். “ஒரு மாசம் சித்தி வீட்ல இரு. பேச்சு அடங்கட்டும்” என்றாள். சித்தி எதுவும் கேட்கவில்லை. தைக்கிற துணிகளுக்குப் பித்தான் வைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பித்தான் வைத்துக்கொண்டே அந்த வியாழக்கிழமையை மறுபடியும் மறுபடியும் நினைக்கிறேன். நான் எங்கே தவறினேன் என்று எனக்குத் தெரிய வேண்டும். வரிசையாக எழுதிப் பார்க்கிறேன், பொறுத்துக்கொள்.

வில்லாபுரம் பள்ளிக்கூட சைட்டில் ஞானம் டீச்சர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். பழைய கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் வாகையும் இலுப்பையும் அப்படியே நிற்க வேண்டும். அவற்றைச் சுற்றி மூன்று மீட்டருக்குள் கடப்பாரைகூட இறங்கக் கூடாது. காது கேளாத பிள்ளைகளுக்கு அந்த நிழலில்தான் வகுப்பு நடக்கப் போகிறது என்று டீச்சர் என்னிடமே சொன்னார். மார்ச் மாதம் நான் அளந்தேன். நீ ஆபீசில் உட்கார்ந்து வரைபடம் போட்டாய். அந்தப் படத்தை வைத்துத்தான் சுவரிலிருந்து அளந்து, சுவருக்கும் மரங்களுக்கும் நடுவே ஓடும் மழைநீர்க் கால்வாய்க்குச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். போன வியாழக்கிழமை ஜேசிபி இறங்கியதும் வாகையின் வேர், என் தொடை கனத்துக்கு இருந்தது, அறுந்து வெளியே வந்தது. கோடு மரத்துக்கு ஒரு மீட்டர் நெருங்கிப் போயிருந்தது.

நம் டேப்பின் நுனி பிய்ந்து போனது உனக்குத் தெரியும். வேலையாள் யாராவது ‘ஒன்று’ என்ற கோட்டைச் சுவர் மூலையில் வைத்துப் பிடிப்பார்கள். மரத்தடியில் நான் படிக்கிற எண்ணில் அந்த ஒரு மீட்டரைக் கழிக்க வேண்டும். கழிக்கவில்லை. அதனால் படத்தில் மரம் சுவரை விட்டு இன்னும் ஒரு மீட்டர் தள்ளிப் போய் நின்றது. இவ்வளவும் எனக்குப் புரிகிறது.

நம் முதலாளி கிருபாகரன் சார் டீச்சரிடம், “பத்தாவது முடிக்காத புள்ளைய டேப் பிடிக்க விட்டது என் தப்பு டீச்சர்” என்றார். ஜேசிபி ஓட்டுகிற தங்கப்பாண்டி அண்ணன் மேலேயிருந்து, “ஏம்மா, பத்துல ஒண்ணு போனா எம்புட்டு?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீ படத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாய்.

ஷாஹீதா, கழிக்கிறது என் வேலையே இல்லையே. சேர்ந்த முதல் வாரமே உன்னிடம் சொன்னேன், புள்ளி வைத்த எண்ணைக் கழிக்கச் சொன்னால் எனக்குத் தப்பாகவே வருகிறது என்று. நீதானே சொன்னாய்: “நீ தெரியிற நம்பர அப்படியே எழுதுடி. ஒண்ணக் கழிக்கிறது என் பொறுப்பு. யார்ட்டயும் சொல்லாத, சொன்னா ரெண்டு பேரையும் ஓட்டுவாய்ங்க.” நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வியாழக்கிழமைகூடச் சொல்லவில்லை.

நீ மறந்திருந்தால் எனக்குக் கோபம் இல்லை. என் பயம் வேறு. வாகையையும் இலுப்பையையும் ஒரே நாளில் அளந்து ஒரே பக்கத்தில் எழுதினேன். ஒன்றுக்குக் கழிக்கவில்லை என்றால் மற்றதுக்கும் கழித்திருக்க மாட்டாய். கால்வாய் வாகையோடு நின்றிருக்கிறது. திரும்ப ஆரம்பித்தால் அடுத்தது இலுப்பைதான். நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டு எழுது.

ஆன்சி


செல்லூர்
17.6.2025

அன்புள்ள ஆன்சி,

உன் கடிதத்தைத் தபால்காரர் அத்தாவிடம் கொடுக்க, அத்தா யார் யாரென்று துருவ, வீட்டில் ஒரே விசாரணை. இந்தக் காலத்தில் யாருடி கடிதம் போடுகிறார்கள்? வாட்ஸ்அப்பில் பதில் போட்டிருப்பேன். ஆனால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் என் வாட்ஸ்அப் திறந்தே கிடக்கிறது, போகிறவன் வருகிறவன் எல்லாம் எட்டிப் பார்க்கிறான். ஆகவே நானும் உன் வழிக்கே வந்துவிட்டேன்.

பக்ரீத்துக்கு நீ வருவாய் என்று அம்மா உனக்காகத் தனியாகக் கறி எடுத்து வைத்திருந்தது. மூன்று நாள் வைத்திருந்து தம்பி அசீமுக்குப் போட்டது. அவனுக்குக் கொண்டாட்டம்.

நீ ரொம்ப யோசிக்கிறாய். அந்த ஏற்பாடு முதல் ஒன்றிரண்டு சைட்டுக்குத்தான். அப்புறம் நீயே கழித்து எழுதிப் பழகிவிட்டாய் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீயும் வேறு மாதிரி சொல்லவில்லையே. வாகைக்கு மட்டும் உனக்கு மறந்திருக்கும். வெயிலில் நின்றால் யாருக்கும் மறக்கும். இலுப்பையை நான் பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது. சாரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அந்த அளவு நோட்டில் டீ கொட்டிப் பாழாகிவிட்டது, புது நோட்டு போட்டாகிவிட்டது. அதைத் தேடி ஒன்றும் ஆகப் போவதில்லை.

சார் கோபம் தணிந்ததும் நானே பேசுகிறேன். மேலூர்ப் பக்கம் ஒரு பூங்கா வேலை வருகிறது. புல்தரை போட ஆள் எடுப்பார்கள். அதில் உன்னைச் சேர்த்துவிடலாம். அளக்கிற தொல்லையே இல்லை. நிம்மதியாக இரு.

உன்
ஷாஹீதா


பேரையூர்
20.6.2025

ஷாஹீதாவுக்கு,

அமீருன்னிசா அம்மாவிடம் கறிக்கு நன்றி சொல். அன்று எனக்கு உங்கள் தெருவுக்குள் வர முகம் இல்லை.

நானே கழித்து எழுதிப் பழகிவிட்டேன் என்று நினைத்ததாக எழுதியிருக்கிறாய். அதை நான்கு முறை படித்தேன். ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் நான் ‘டேப் ஒன்றிலிருந்து’ என்று எழுதி வைப்பேன். நீ கழிக்க மறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் எழுதினேன். அந்தப் பக்கத்திலும் எழுதியிருந்தேன். சுவரின் இரண்டு மூலையிலிருந்தும் வாகைக்கு 8.40, 10.15. இலுப்பைக்கு 9.30, 7.85. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு மறந்துபோகும் எனக்கு இந்த எண்கள் மட்டும் மறக்கவில்லை. படத்தைத் திறந்து பார். இதே எண்கள் அதில் இருந்தால் இரண்டு மரத்துக்கும் யாரும் கழிக்கவில்லை என்று அர்த்தம். இலுப்பை சரியாக இருக்கிறது என்று நீ எதைப் பார்த்துச் சொன்னாய்?

என் தவறு ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். வாகையைச் சுற்றிப் பச்சை வலை கட்டிய அன்று நான் அங்கே இருந்தேன். மரத்திலிருந்து காலடி வைத்து மூன்று மீட்டர் தள்ளி நட்ட சவுக்குக் கம்புகள் சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. “கம்பப் புடுங்கி உள்ள நடுங்கப்பா, கோடு படத்துல இருக்கு” என்றார்கள், நட்டார்கள். எல்லாரும் சுவரிலிருந்துதான் அளக்கிறார்கள், மரத்திலிருந்து யாரும் டேப் வைக்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. உன்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன். “படம் சரியாத்தான் இருக்கும், விடு” என்றாய். நான் விட்டுவிட்டேன். அன்று சாரிடம் வாய் திறந்திருந்தால் அந்த வேர் மண்ணுக்குள்ளேயே இருந்திருக்கும்.

புல்தரை வேலை எனக்கு வேண்டாம். நான் அந்த வேலையில் உருப்படியாகச் செய்தது அளப்பது ஒன்றுதான். டேப்பைத் தொய்வில்லாமல் இழுத்துப் பிடித்து, மூச்சை அடக்கி, எண்ணைப் படிக்கிற அந்த நேரத்தில் யாரும் என்னிடம் பேச மாட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

உண்மையைச் சொல். வேறு யாரிடமும் அல்ல, என்னிடம் மட்டும்.

ஆன்சி


26.6.2025

ஆன்சி,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நான்தான் கழிக்கவில்லை. நோன்பு மாதம். நோன்பு திறக்க ஒரு மணி நேரம் இருந்தது. ஆறு மணிக்குள் படம் வேண்டும் என்று சார் தலைமேல் நின்றார். தண்ணீர் குடிக்காமல் கண் இருண்டுகொண்டு வந்தது. உன் எண்களை அப்படியே தட்டினேன். மேலே நீ எழுதியிருந்ததை நான் பார்க்கவே இல்லை. இது சத்தியம்.

வேர் அறுந்த அன்று, நீ தள்ளி நின்றிருந்தபோது, சார் என் பக்கம் திரும்பி, “யாரு கழிக்கல?” என்று கேட்டார். என் வாயில் உன் பெயர் வந்துவிட்டது. யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள எனக்கு நேரம் இருந்தது. எடுக்கவில்லை. நீ எப்படியும் பேச மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

ஜூலை மாதம் என்னை நிரந்தரமாக்குவதாகச் சார் சொல்லியிருக்கிறார். அத்தா வேலை பார்த்த தறிப் பட்டறையை மூடி நான்கு மாதம் ஆகிறது. அசீம் இப்போதுதான் பதினொன்றாவது. இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்துதான் நீ என்னைப் புரிந்துகொள்வாய் என்று நினைத்தேன்.

நோட்டில் டீ கொட்டவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன்.

இலுப்பையை நான் காப்பாற்றிவிடுகிறேன். ஜூலை ஒன்பதாம் தேதி தோண்டுகிறார்கள். அதற்கு முன்னால் படத்தில் கால்வாய்க் கோட்டை ஒரு மீட்டர் நகர்த்தி வைத்துவிடுவேன், யாருக்கும் தெரியாது. மரமும் பிழைக்கும், நானும் பிழைப்பேன். நீ மட்டும் வாயைத் திறக்காமல் இரு. உனக்கு அது கஷ்டம் இல்லை.

பெயர் எழுதவில்லை. படித்ததும் கிழித்துவிடு.


பேரையூர்
30.6.2025

ஷாஹீதாவுக்கு,

உன் கடிதம் வந்தபோது நான் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். சித்தி, “என்னடி, யாரும் செத்துட்டாங்களா?” என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். அன்று மாவில் உப்பே போடவில்லை.

நீ மறந்ததை எழுதிய இடத்தில் எனக்கு அழுகை வந்தது, உனக்காக. நானும் ஓடி வந்து உனக்குத் தண்ணீர் கொடுத்திருக்க முடியாது, நோன்பு. அதை நான் அப்போதே மன்னித்துவிட்டேன். அப்புறம் அந்த வரி வந்தது. ‘நீ எப்படியும் பேச மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.’ என்னைப் பற்றி உன் அளவுக்கு யாருக்கும் தெரியாது. அது எதற்குப் பயன்பட்டது என்று பார்.

அம்மா இப்போது சர்ச்சில் பின்வரிசையில் உட்காருகிறாளாம். யாராவது என்னைப் பற்றிக் கேட்டுவிடுவார்கள் என்று பயம். எட்டு வருடமாக முன்னால் உட்கார்ந்து பாடுகிறவள்.

சரி. கோட்டை நகர்த்து. என்னைப் பற்றிச் சாரிடம் எப்போது சொல்வது என்பதை உன்னிடமே விடுகிறேன். முதலில் இலுப்பை. ஒன்பதாம் தேதி காலை நான் வில்லாபுரம் வருவேன். கோடு சரியாக இருந்தால் ஞானம் டீச்சருக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன். உன் பக்கம்கூட வர மாட்டேன்.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. மிரட்டுகிறேன் என்று நினைக்காதே. உனக்குத் தெரியாமல் அதை வைத்திருக்க எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் சொல்கிறேன்.

ஆன்சி


செல்லூர்
4.7.2025

ஆன்சி,

கோட்டை நகர்த்தியாகிவிட்டது. நேற்றே செய்துவிட்டேன். புதுப் படத்தை அச்செடுத்து சைட்டுக்கும் அனுப்பியாயிற்று. நீ வராதே. வந்தால் இந்தப் பிள்ளை எதற்கு வந்திருக்கிறது என்று எல்லாரும் கேட்பார்கள், நான் என்ன சொல்ல? இவ்வளவு நாள் பழகியதற்கு இந்த ஒரு தடவை என்னை நம்பு.

ஷாஹீதா


பேரையூர்
14.7.2025

ஷாஹீதாவுக்கு,

ஒன்பதாம் தேதி நீயும் அங்கே இருந்தாய். நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். என் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று மட்டும் சொல்கிறேன். அதன் பிறகு எழுத மாட்டேன்.

நான் உன்னை நம்பினேன். கல்லுப்பட்டி வழியாக வந்த முதல் பஸ்ஸில் ஏறும்போது, கோடு சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு உன்னிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன். நம்புகிறவள் எதற்கு வந்தாய் என்று கேட்பாய். இலுப்பையைப் பார்த்து ஒரு மாதம் ஆகிவிட்டது. அவ்வளவுதான்.

உங்கள் வண்டிகள் எதுவும் வந்திருக்கவில்லை. இலுப்பைக்குப் பச்சை வலை கட்டியிருந்தது. வலை கோட்டுக்கு உள்ளே, மரத்தோடு ஒட்டினாற்போல இருந்தது. அதைப் பார்த்ததுமே பையைத் திறந்தேன். சித்தியின் தையல் டேப்பைக் கொண்டுவந்திருந்தேன். அது ஒன்றரை மீட்டர். மரத்திலிருந்து கோட்டுக்கு இரண்டு முழு டேப் வர வேண்டும். ஒரு முழு டேப்பும் அதற்கு மேல் ஒன்றரைச் சாணும்தான் வந்தது. தப்பாக அளந்துவிட்டேனோ என்று மறுபடியும் அளந்தேன். மூன்றாவது முறை அளக்கும்போதுதான் எல்லாரும் வந்தீர்கள்.

“என்னம்மா, மரத்துக்குச் சட்டை தைக்கப் போறியா?” என்றார் தங்கப்பாண்டி அண்ணன். வண்டியைக் கிளப்பிவிட்டார். கிருபாகரன் சார் என்னைப் பார்த்து, “நீ எங்கம்மா இங்க?” என்றார். என் வாயிலிருந்து காற்றுதான் வந்தது. நான் கோட்டின்மேல் உட்கார்ந்துவிட்டேன். தைரியத்தில் உட்காரவில்லை. வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஞானம் டீச்சர்தான் என் கையில் இருந்த டேப்பைப் பார்த்தார்.

“எம்புட்டு வருது?”

நான் விரலைக் காட்டினேன்.

“வெரல்ல வேணாம். சத்தமாச் சொல்லு.”

“மூணு வரல டீச்சர். ரெண்டுகூட முழுசா வரல.”

டீச்சர் கையைத் தூக்கினார். தங்கப்பாண்டி அண்ணன் வண்டியை அணைத்தார். சார் ஆபீஸ் டேப்பை வாங்கித் தானே மரத்திலிருந்து அளந்தார், இரண்டு முறை. மரம் பிழைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து பஸ்ஸுக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். என் பெயர் எப்படி இருந்தால் என்ன என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. நீ பேசாமல் இருந்திருந்தால் நான் போயிருப்பேன்.

நீ பேசினாய். “பாத்தீங்களா சார், இலுப்பைக்கும் கழிக்காமத்தான் எழுதியிருக்கா. நான் அப்பவே சந்தேகப்பட்டேன்.”

கோட்டை நகர்த்திவிட்டேன் என்று எழுதி ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. நான் அளந்து காட்டியதையே எடுத்து என்மேல் வைத்தாய். உன் குரல் நடுங்கவே இல்லை. அது எனக்கு இன்னும் கேட்கிறது.

சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் அந்தக் கடிதம் இருந்தது. எடுத்து டீச்சரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே படித்தார். “பேரு இல்லையே. இது யாரு எழுதுனது?” என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. இந்த முறை வெட்கத்தினால் இல்லை. சார் அதை வாங்கி முதல் வரியைப் பார்த்ததுமே, “தெனம் படத்து ஓரத்துல பாக்குற எழுத்துதான் டீச்சர்” என்றார்.

நீ என்னைப் பார்த்து, “கிழிச்சிருன்னு சொன்னேன்ல” என்றாய்.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. கால்வாயை இலுப்பையை விட்டு நான்கு மீட்டர் தள்ளிக் கொண்டுபோகிறார்கள். வாகை பிழைக்குமா என்று இப்போது சொல்ல முடியாதாம், இரண்டு மழை பார்க்க வேண்டுமாம். அறுந்த பக்கம் கிளையைக் குறைத்திருக்கிறார்கள். பார்க்க ஒரு பக்கமாக முடி வெட்டினது மாதிரி இருக்கிறது. சார் என்னைப் பஸ் ஏற்றிவிடுகிற இடம் வரை வந்து, “மனசுல வச்சுக்காதம்மா” என்றார். முன்பு எல்லார் முன்னாலும் சொன்னதை இப்போது தனியாகத் திருப்பி எடுத்துக்கொண்டார். வேலைக்கு வரச் சொன்னார். வருகிறேன் என்று தலையாட்டிவிட்டேன். அடுத்த வாரம் போகிறேன். அம்மா முன்வரிசைக்குப் போகலாம்.

நீ ஆபீசுக்கு வருவதில்லை என்று சொன்னார்கள். நிறுத்திவிட்டார்களா, நீயே நின்றாயா என்று நான் கேட்கவில்லை. அத்தாவை நினைத்தேன், அசீமை நினைத்தேன். கடிதத்தைக் கொடுத்தது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றினால் நல்லது என்றுகூட நினைத்துப் பார்த்தேன். தோன்றவில்லை.

இதற்குப் பதில் எழுதாதே. தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டால் நான் இன்னும் வாசலுக்குப் போகிறேன். நீ எழுதினால் பிரிப்பேன். படித்தால் நம்பிவிடுவேன்.

ஆன்சி